கொரோனா வந்துபோன பிறகு கண்ணில் ரத்தக்குழாய் அடைப்பு: ஊசி போட்டுக்கொள்ளலாமா, காத்திருக்கலாமா?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. சொந்தமாகச் சில விசைத்தறிகள் வைத்து, அவரும் மனைவியும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். நான்கு நாள் காய்ச்சல், உடம்பு வலி, டெஸ்டில் கொரோனா. வீட்டிலேயே இருந்து சரியாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கெல்லாம் போகவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் வலது கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கிக்கொண்டே தினசரி காலண்டரைப் பார்த்திருக்கிறார். தேதியின் நடுப்பகுதியைக் காணோம், ஓரம் மட்டும் தெரிகிறது. இடது கண்ணில் பார்வை போயிருப்பது அப்போதுதான் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ.

அதற்குப் பிறகு 12 நாள் வீணாகிப் போயிருக்கிறது. முதலில் மருந்துக்கடையில் சொட்டு மருந்தும் நரம்புச் சத்து மாத்திரையும், அப்புறம் அம்மா சொன்ன நந்தியாவட்டைப் பூ, அப்புறம் கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் டெஸ்ட். கடைசியில் கண் மருத்துவமனைக்குப் போனபோது, விழித்திரையின் மையச் சிரையில் அடைப்பு, ரத்தக்கசிவு, நடுவில் நீர் கோர்த்த வீக்கம், மாதம் ஒன்றாக ஆறு ஊசி கண்ணுக்குள் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே பார்த்த பிரஷர் 170/104. வீட்டுக்கு வந்து ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். இதற்கு நடுவில், இதய நோயாளியான அண்ணனின் ஆஸ்பிரினை வாங்கித் தானும் போட ஆரம்பித்துவிட்டார். அவர் கேட்பவை: இது கொரோனாவால் வந்ததா, மச்சான் சொல்வதுபோல தடுப்பூசியாலா? கருப்புப் பூஞ்சையாக இருக்குமோ? தெருவில் ஒருவருக்கு ஊசி போட்டுத்தான் பார்வையே போனது என்கிறார்கள், மாத்திரையில் குணமாகாதா? இன்னொரு கண்ணும் போய்விடுமா?

கடிதத்தோடு ரிப்போர்ட்டையும் ஸ்கேன் படத்தையும் அனுப்பியிருக்கிறார். நல்ல காரியம், அதனால்தான் பொதுவாகப் பேசாமல் அவருக்கே பதில் சொல்ல முடிகிறது.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு இப்போது செய்ய வேண்டிய வைத்தியம் ஒன்றேதான். கொரோனாவா தடுப்பூசியா என்று வீட்டில் விவாதம் முடியட்டும், பிறகு ஊசிக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். இந்த வாரமே போங்கள். மீதியைப் போய்வந்த பிறகு படித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, உள்ளே என்ன நடந்திருக்கிறது? விழித்திரைக்கு ரத்தம் தமனி வழியாக உள்ளே வருகிறது, சிரை வழியாக வெளியே போகிறது. உங்களுக்கு அடைபட்டது வெளியே போகும் வழி. மழைக்காலத்தில் வடிகால் அடைத்துக்கொண்டால் வயலில் தண்ணீர் ஏறி நிற்குமே, அதுபோல ரத்தம் பின்னுக்குத் தேங்கி, மெல்லிய குழாய்களிலிருந்து கசிந்து, நீர் சரியாக விழித்திரையின் நடுப்பகுதியில் சேர்ந்துவிட்டது. எழுத்து படிப்பது, முகம் பார்ப்பது, அறுந்த இழையைப் பிணைப்பது எல்லாம் அந்த நடுப்பகுதியின் வேலைதான். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிற ஓசிடி ஸ்கேனில் உங்களுக்கு அந்த இடத்தின் தடிமன் 540 மைக்ரான் என்று இருக்கிறது, சாதாரணமாக 250ஐ ஒட்டித்தான் இருக்கும். பழுது அங்கே இருக்கும்போது நந்தியாவட்டைச் சாறோ கடையில் வாங்கிய சொட்டு மருந்தோ எப்படி உதவும்? அவை கண்ணின் முன்பக்கத்தைத் தாண்டுவதில்லை. அம்மா மேல் கோபப்பட வேண்டாம், ஆனால் இனிமேல் கண்ணில் எந்தச் சாறும் விட வேண்டாம். பூவோடு கிருமியும் போகும், ஊசி போடப்போகிற கண்ணுக்கு அது நல்லதில்லை.

கருப்புப் பூஞ்சை பயம் 2021ஆம் ஆண்டு நம் ஊரில் பார்த்ததால் வந்தது, புரிகிறது. அது பெரும்பாலும் சுகர் கட்டுக்கடங்காமல் இருந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து அதிகம் வாங்கியவர்களுக்கும் வந்தது. முகம் வீங்கும், கண்ணைச் சுற்றி வலி பிடுங்கும், இமை தொங்கும், மூக்கிலிருந்து கருப்பாக வடியும். உங்களுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

கொரோனாவா, தடுப்பூசியா, பிரஷரா?

கொரோனா நுரையீரலோடு நிற்கிற நோய் இல்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ரத்தக்குழாயின் உட்சுவரை அது அழற்சியாக்குகிறது, ரத்தம் உறையும் தன்மையையும் கூட்டுகிறது. நுரையீரலிலும் காலிலும் மூளையிலும் ரத்தக்கட்டி அடைத்ததுபோல விழித்திரையிலும் அடைக்கலாம். அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாவில் கொரோனா வந்த 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. கொரோனாவுக்கு முந்தைய மாதங்களைவிடப் பிந்தைய ஆறு மாதங்களில் விழித்திரைச் சிரை அடைப்பு கூடியிருந்தது, தமனி அடைப்பில் அப்படித் தெளிவான கூடுதல் தெரியவில்லை. ஆனால் கூடியதாகச் சொன்னதே பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று எண்ணுகிற அளவுதான். தென் கொரியாவில் இன்னும் பெரிய அளவில் பார்த்தபோது அந்தக் கூடுதலும் தெரியவில்லை. ஆகவே உங்கள் விஷயத்தில் கொரோனாவுக்குப் பங்கு இருந்திருக்கலாம், மூன்று வாரம் என்ற கணக்கும் பொருந்துகிறது. நிரூபிக்கத்தான் வழியில்லை.

தடுப்பூசியைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஃப்ளூ தடுப்பூசிக்குப் பிறகு எவ்வளவோ அதைவிடக் கூடவில்லை என்று ஒன்று சொல்கிறது, கூடியது என்று இன்னொன்று சொல்கிறது. அது எப்படியும் இருக்கட்டும். நீங்கள் கடைசியாகப் போட்டது 2021இல். இத்தனை வருஷம் கழித்துப் போன மாதம் வந்த அடைப்புக்கு அதைக் காரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மச்சானிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றைக் காட்டுகிறேன். ரிப்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில், நன்றாக இருப்பதாக நீங்கள் நினைக்கிற வலது கண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்: தமனிகள் மெலிந்திருக்கின்றன, சிரைகளைக் கடக்கும் இடங்களில் அவற்றை அழுத்துகின்றன, உயர் ரத்த அழுத்தப் பாதிப்பு இரண்டாம் நிலை. இந்த வரிதான் உங்கள் கடிதத்துக்குப் பாதிப் பதில். மூன்று வாரக் கொரோனாவில் தமனி இப்படி ஆகாது. பல வருஷமாகப் பிரஷர் அதிகமாக இருந்து, யாரும் பார்க்காமல் விட்டால்தான் இப்படி ஆகும். விழித்திரையில் தமனியும் சிரையும் கடக்கும் இடங்களில் இரண்டுக்கும் ஒரே உறை, கண்ணைவிட்டு வெளியேறும் இடத்திலும் இரண்டும் நெருக்கமாகத்தான் போகின்றன. தமனி கெட்டியானால் பக்கத்தில் இருக்கிற சிரை நசுங்கும், அதில் ரத்த ஓட்டம் தடுமாறும், அப்படிப்பட்ட இடத்தில்தான் ரத்தக்கட்டி உருவாகும். உங்களுக்கு இடம் முன்பே தயாராக இருந்தது, கொரோனா அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

“ஆஸ்பத்திரி பயத்தில் ஏறியிருக்கும், எனக்குப் பிரஷர் கிடையாது” என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் கொஞ்சம் ஏறுவது உண்மைதான். ஆனால் பயத்தால் தமனி மெலியாது. அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்தது என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது, அதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பொது மருத்துவரிடம் போய் பிரஷர் மாத்திரையை ஆரம்பியுங்கள். ஒரே நாளில் தடாலென்று இறக்கவும் கூடாது, அது கண் நரம்புக்கு ஆகாது, படிப்படியாக அவர் இறக்குவார். இந்தக் கண்ணுக்கான ஊசி முடிந்தாலும் அந்த மாத்திரை முடியாது, நாலு நாள் நார்மலாக இருந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் குறையட்டும். தறி ஓடும்போது இரண்டு, சாப்பிட்டால் ஒன்று என்று கணக்குச் சொல்லியிருக்கிற பீடி, குறைய அல்ல, நிற்க வேண்டும்.

வயது ஐம்பதுக்குக் கீழே என்பதால் சில ரத்தப் பரிசோதனைகளும் எடுக்கச் சொல்வார்கள்: சுகர், மூன்று மாதச் சராசரிச் சுகர், கொழுப்பு, சிறுநீரகம், ரத்த அணுக்கள், ஹோமோசிஸ்டீன், தேவைப்பட்டால் ரத்தம் உறைதல் சம்பந்தமான சில. இரண்டு கண்ணிலும் கண் அழுத்தம் பார்ப்பார்கள், ஏனென்றால் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருப்பவர்களுக்கு இந்த அடைப்பு வர வாய்ப்பு அதிகம். ஊரில் விற்கிற பெரிய “கொரோனா பேக்கேஜ்” எதையும் இதற்காக வாங்க வேண்டாம்.

கண்ணுக்குள் ஊசி

இதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் பயமாகத்தான் இருக்கும். நடப்பது என்னவென்றால்: மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள், பழுப்பு நிற அயோடின் மருந்தால் கண்ணையும் இமையையும் சுத்தம் செய்வார்கள் (ஊசியைவிட இதுதான் எரிச்சல் என்று சொல்பவர்கள் அதிகம்), இமை மூடாமல் ஒரு சிறு கம்பியை வைப்பார்கள், கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் முடி போன்ற ஊசியால் ஒரு அழுத்தம். நொடிகள்தான். ஊசி நுனி உங்கள் பார்வைக்கு நேரே வராது.

மருந்து அடைப்பைக் கரைக்காது, இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ரத்தம் கிடைக்காமல் திணறுகிற விழித்திரை ஒரு பொருளைச் சுரக்கும், அதுதான் குழாய்களைக் கசியவைக்கிறது. அந்தப் பொருளை இந்த மருந்து முடக்குகிறது, வீக்கம் வடிகிறது. சில வாரங்களில் மருந்தின் வேகம் தீரும், வீக்கம் திரும்பும், அதனால்தான் மாதம் ஒன்று. இரண்டு ஊசியில் நன்றாகத் தெரிகிறது என்று மூன்றாவதுக்குப் போகாமல் இருந்துவிட்டு, அப்புறம் மறுபடி மங்கியதும் ஓடிவருகிறவர்களை எல்லா விழித்திரை மருத்துவர்களும் பார்த்திருப்பார்கள்.

காத்திருந்தால் தானாக வடியாதா? சிலருக்கு வடியும். ஆனால் அது யாருக்கு என்று முன்கூட்டித் தெரியாது, வடிவதற்குள் விழித்திரையின் நடுப்பகுதி நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். 2010, 2011இல் முடிவுகள் வெளிவந்த குரூஸ் என்ற ஆய்வில், உங்களைப் போன்ற மையச் சிரை அடைப்பு உள்ளவர்களில் ஒரு பிரிவுக்கு ஆரம்பத்திலிருந்தே மாதாமாதம் ஊசி போட்டார்கள், இன்னொரு பிரிவுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் மருந்து கொடுத்தார்கள். ஒரு வருஷ முடிவில் முதல் பிரிவினர் பார்வைப் பலகையில் சராசரியாகக் கிட்டத்தட்ட 14 எழுத்து கூடுதலாகப் படித்தார்கள். தாமதமாகத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்தது 7 எழுத்துதான், விட்டதை அவர்களால் பிடிக்க முடியவில்லை. நீங்கள் ஏற்கெனவே மூன்று வாரத்துக்குப் பக்கம் கொடுத்துவிட்டீர்கள். அதனால் குடி முழுகிவிடவில்லை, ஆனால் இன்னும் கொடுக்க வேண்டாம்.

மாத்திரை? இதற்கென்று பலன் நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை.

தெருக்காரருக்கு என்ன நடந்தது என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஊசியால் கண்ணுக்குள் கிருமி புகுந்து பார்வை பாதிப்பது நிஜமான ஆபத்துதான், சில ஆயிரம் ஊசிகளில் ஒன்று என்கிற அளவில். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது: அடைப்பு மோசமாக இருந்து பார்வை போகும், பழி ஊசிக்கு வரும். ஊசி போட்ட இடத்தில் ரத்தச் சிவப்பு, ஓரிரு நாள் கரும்புள்ளி மிதப்பது எல்லாம் சகஜம். இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வலி கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, பார்வை முன்பைவிட மங்கினாலோ அன்றைக்கே போங்கள், ராத்திரி ஆனாலும் சரி. மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் மட்டும் கூடாது.

செலவைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே பேசலாம். மூன்று மருந்துகள் பரவலாகப் பயன்படுகின்றன. பெவாசிசுமாப் மலிவு. ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் விலை அதிகம், ரானிபிசுமாப்பில் உள்நாட்டுத் தயாரிப்பு கொஞ்சம் குறைவு. மலிவானது என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். மையச் சிரை அடைப்பில் பெவாசிசுமாப்பையும் அஃப்லிபெர்செப்ட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் ஆறு மாதத்தில் பார்வை முன்னேற்றம் ஒன்றுக்கொன்று குறைவாக இல்லை. பெவாசிசுமாப் கண்ணுக்கென்று செய்யப்பட்ட மருந்து அல்ல, பெரிய குப்பியிலிருந்து பிரித்து எடுக்கிறார்கள், ஆகவே சுத்தமாகப் பிரிக்கிற இடமா என்று கேட்பது உங்கள் உரிமை. விலை கூடிய மருந்தில் இரண்டு போட்டுவிட்டுக் காசில்லாமல் நிற்பதைவிட, மலிவானதில் ஆறையும் முடிப்பது மேல் என்பது என் கருத்து. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய், இந்த ஊசி அதில் வருமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவிலும் விசாரியுங்கள், சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையும் இருக்கிறது. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க விரும்பினால் தாராளமாகக் கேட்கலாம், பதிவேடுகளின் நகலை நீங்கள் கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்காக ஒரு மாதம் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

கடந்த சில மாதங்களில் நெஞ்சுவலி, பக்கவாதம், கை கால் மரத்துப்போனது ஏதாவது இருந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள், மருந்தை மாற்றி யோசிப்பார்கள். ஸ்டீராய்டு ஊசியும் ஒரு வழிதான், கண் அழுத்தத்தையும் கண்புரையையும் கூட்டும் என்பதால் உங்கள் வயதில் அதை முதலில் எடுப்பது குறைவு.

அண்ணனின் ஆஸ்பிரின்

நிறுத்துங்கள். எதற்காகப் போட ஆரம்பித்தீர்கள் என்று தெரிகிறது, அடைப்பு என்றால் ரத்தத்தை இளக்கினால் சரியாகும் என்று தோன்றும். விழித்திரைச் சிரை அடைப்பில் ஆஸ்பிரினால் பார்வை திரும்பியதாக நிரூபணம் இல்லை, ஏற்கெனவே ரத்தம் கசிந்திருக்கிற கண்ணில் கசிவு கூடலாம். அதைவிட எனக்குக் கவலை, 170 பிரஷரோடு ரத்தத்தை இளக்கும் மாத்திரை போட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து. போட்ட நாட்களை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அண்ணன் விஷயம் வேறு, இதயத்துக்காக எழுதிக்கொடுத்ததை அவர் தம்பிக்கு வேண்டாம் என்றார்களே என்று நிறுத்திவிடக் கூடாது.

இந்தக் கண்ணும் இன்னொரு கண்ணும்

உங்களுக்குச் சாதகமாக இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். முதல் நாள் பார்வை 6/36, அதாவது நல்ல கண் 36 மீட்டரில் படிப்பதை இந்தக் கண் 6 மீட்டரில் படிக்கிறது. கண்மணி வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்குகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது அடைப்பு இருந்தாலும் விழித்திரைக்கு ரத்தம் ஓரளவு போய்க்கொண்டிருக்கிறது. தொடக்கத்தில் எவ்வளவு பார்வை இருக்கிறது என்பதுதான் முடிவையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது, ஆகவே நல்ல முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம். பழையபடி முழுசாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் இந்த வகை அடைப்பு பிறகு, விழித்திரைக்கு ரத்தம் சரியாகப் போகாத மோசமான வகையாக மாறலாம், பெரிய ஆய்வு ஒன்றில் மூன்று வருஷத்தில் மூன்றில் ஒருவருக்கு அப்படி மாறியது. அப்போது கருவிழிக்குப் பின்னால் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்துக் கண் அழுத்தம் எகிறும், நூறு நாள் கிளாக்கோமா என்று பழைய மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மாதாமாதம் பார்த்தால் ஆரம்பத்திலேயே பிடித்து லேசர் செய்துவிடலாம். கண் சிவந்து தலைவலியும் வாந்தியும் வந்தால் தலைவலி மாத்திரையோடு படுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு கண்ணில் அடைப்பு வரும் வாய்ப்பு தோராயமாக வருஷத்துக்கு நூறில் ஒருவருக்கு. பயந்து தூக்கம் கெட வேண்டிய அளவு இல்லை, பிரஷரை விட்டுவிடுகிற அளவுக்கும் குறைவில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு, பையனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் பாருங்கள். கோடு வளைந்தாலோ நடுவில் மறைத்தாலோ உடனே தெரியும், காலண்டர்போலத் தற்செயலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

வலி ஒன்றுமில்லாமல் ஒரு கண் திடீரென முழுசாக இருட்டினால் அது வேறு கதை. தமனி அடைப்பாக இருக்கலாம், அது கண்ணில் வரும் பக்கவாதம், விழித்திரை தாங்குவது சில மணி நேரம்தான். பத்து நிமிஷத்தில் பார்வை திரும்பிவிட்டாலும் விடக் கூடாது. கண்ணாடிக் கடைக்கோ சிறிய கண் கிளினிக்குக்கோ போகாமல், 108ஐ அழைத்துப் பக்கவாதம் பார்க்கிற பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வீட்டம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

தறி வேலைக்குப் போகலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். போகலாம், கண்ணை வேலை வாங்குவதால் அடைப்பு கூடாது. ஊசி போட்டபின் சில நாள் மட்டும் பஞ்சுத் தூசிக்குள் போகாதீர்கள், தலைக்குக் குளிப்பது எப்போது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண் மங்கியதால் தூரக் கணக்குத் தப்பும், ஓடுகிற பெல்ட் பக்கத்தில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும். இருட்டில் வண்டி ஓட்டுவதைக் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். நாடா (தறியில் இழையைக் கொண்டு ஓடுகிற கட்டை) தெறித்துக் கண்ணில் அடிபட்டவர்களை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். இப்போது தெளிவாகப் பார்க்கிற கண் உங்களுக்கு ஒன்றுதான், ஆகவே தறிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள், பவர் இல்லாவிட்டாலும். மனைவிக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள். முதல் ஊசிக்குப் போகும்போது பிரஷர் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள், அளவு ரொம்ப ஏறியிருந்தால் ஊசியைத் தள்ளிவைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண்.